பம்ப் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஆன்லைன் வியாபாரிகளுக்கு டேட்டா ஆலோசகர் ஆகலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். வயது 33, மெக்கானிக்கல் இன்ஜினியர். கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் குவாலிட்டி பிரிவில் 9 ஆண்டு 2 மாதமாக இருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 32,000, கையில் வருவது 68,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 24,000. திருப்பூரில் என் மச்சினன் அமேசான், மீஷோவில் டி-சர்ட் விற்கிறான். அவனுக்காக ரிட்டர்ன் கணக்கை எக்ஸெல்லில் போட்டுக் கொடுத்தேன். எந்தச் சைஸ், எந்தக் கலர் அதிகம் திரும்பி வருகிறது என்று தெரிந்ததும் ரிட்டர்ன் நன்றாகக் குறைந்தது. இப்போது அவனுடைய நண்பர்கள் இருவர் தங்களுக்கும் செய்து தரச் சொல்கிறார்கள். இரண்டு மாதத்தில் வேலையை விட்டு இதையே முழுநேரமாகச் செய்ய நினைக்கிறேன்.

மாதச் செலவு: வீட்டுக் கடன் தவணை 21,500, வீட்டுச் செலவு 32,000, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு 6,000, குழந்தையின் பள்ளி மற்றும் எல்ஐசி 5,500, சீட்டு 10,000, எஸ்ஐபி (ஃபண்டில் மாதாமாதம் போடுவது) 8,000. சீட்டு 2 லட்சம், 20 மாதம்; 8 தவணை கட்டியாகிவிட்டது, இன்னும் எடுக்கவில்லை. கையில் எஃப்டி 4 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 2.6 லட்சம், பிஎஃப் 7.8 லட்சம். எப்படியும் ஓராண்டு தாங்கும் என்று நினைக்கிறேன். 2.8 லட்சம் ரூபாயில் டேட்டா சயின்ஸ் கோர்ஸ் ஒன்றைத் தவணையில் தருகிறார்கள், சேரலாமா? பிஎஃப்பை எடுக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: முதலில் உங்கள் தொழிலைப் பார்ப்போம், அப்புறம் சேமிப்பு. மச்சினனுக்கு நீங்கள் செய்து கொடுத்த வேலைக்கு உண்மையில் என்ன விலை என்று நீங்களே இன்னும் கணக்குப் போடவில்லை என்று தோன்றுகிறது.

உதாரணத்துக்கு ஒரு டி-சர்ட் 399 ரூபாய்க்கு விற்கிறது என்று வையுங்கள். துணி, தையல் அடக்கம் 170. ஜிஎஸ்டி, தளத்தின் கட்டணம், ஷிப்பிங், விளம்பரம், பேக்கிங் எல்லாம் சேர்ந்து 150. மிச்சம் 79 ரூபாய். அதே டி-சர்ட் திரும்பி வந்தால் போக வரக் கூலி, பேக்கிங், அழுக்கான சரக்கு என்று 90 ரூபாய் கையை விட்டுப் போகிறது. நூறு ஆர்டரில் 30 திரும்பினால், 70 டி-சர்ட்டில் 5,530 சம்பாதித்து, முப்பதில் 2,700 இழந்து, நிற்பது 2,830. ரிட்டர்ன் 20 ஆகக் குறைந்தால் நிற்பது 4,520. ஆர்டர் ஒன்று கூட ஏறவில்லை, லாபம் மட்டும் 60 சதவீதம் ஏறிவிட்டது.

மாதம் 3,000 ஆர்டர் அனுப்புகிறவருக்கு இந்த வித்தியாசம் 50,700 ரூபாய். அவர் உங்களுக்கு 15,000 கொடுப்பார், சந்தோஷமாகவே கொடுப்பார். மாதம் 300 ஆர்டர் போகிறவருக்கு வித்தியாசம் 5,070தான். அவரிடம் 15,000 கேட்டால் தம்பி, அப்புறம் பார்க்கலாம் என்பார், அவர் சொல்வதும் நியாயம். ஆகவே மாதம் 2,000 ஆர்டருக்குக் கீழே இருப்பவர்களை நம்பி வேலையை விடாதீர்கள். அந்த இரண்டு நண்பர்களின் ஆர்டர் எண்ணிக்கையை நீங்கள் எழுதவில்லை. கேட்டீர்களா?

இதில் உங்களுக்கு ஒரு சாதகம் உண்டு. ரிஜெக்‌ஷன் ஏன் வருகிறது, எந்த லைனில், எந்த ஷிப்டில் என்று ஒன்பது வருடமாகத் துருவியவர் நீங்கள். திரும்பி வந்த பனியனிடம் கேட்கிற கேள்வியும் அதேதான். டேஷ்போர்டு போடத் தெரிந்த பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எக்ஸ்எல் சைஸ் மட்டும் ஏன் திரும்புகிறது என்று தையல் யூனிட்டுக்குள் போய் டேப் வைத்து அளந்து பார்க்கிறவர்கள் குறைவு. இந்தத் தொழிலில் உங்களுக்குப் பணம் அங்கேதான் இருக்கிறது. அதனால் கோர்ஸ் வேண்டாம். 2.8 லட்சம் என்பது சம்பளம் நின்றபின் உங்கள் வீடு ஐந்து மாதத்துக்கு மேல் ஓடுகிற பணம். எக்ஸெல்லில் கணக்கைத் தொகுக்கிற பிவட், தரவைச் சீராக்குகிற பவர் குவெரி, தரவுத்தளத்தில் தேடக் கொஞ்சம் எஸ்கியூஎல், வரைபடம் போட இலவசமாகவே கிடைக்கிற பவர் பிஐ டெஸ்க்டாப், இவை முதல் ஆண்டுக்குத் தாராளம். பாடம் வேண்டுமென்றால் ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் இலவசமாகப் படிக்கலாம், சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். பயிற்சிக்கு மச்சினனின் செல்லர் பேனலில் இருக்கும் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டே (கட்டணம் பிடித்தது போகத் தளம் கொடுத்த பணத்தின் கணக்கு) போதும். அதை ஆர்டரோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்து, எடை அதிகம் என்று தவறாகப் பிடித்த ஷிப்பிங் கட்டணத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். அந்த ஒரு வேலைக்கே ஆள் தேடி வருவார்கள்.

இனி சேமிப்பு. ஓராண்டு தாங்கும் என்ற கணக்கு எப்படி வந்தது என்று புரிகிறது. எஸ்ஐபியை நிறுத்தினால் மாதச் செலவு 75,000, அதில் மனைவியின் சம்பளம் போகப் பள்ளம் 51,000. கையில் 6.6 லட்சம், ஆகப் பதின்மூன்று மாதம். இதில் மூன்று ஓட்டைகள். ஃபண்ட் பணம் நீங்கள் எடுக்க வேண்டிய நேரத்தில் சந்தை இறங்கியிருக்கலாம், அதை 20 சதவீதம் குறைத்தே எண்ணுங்கள். கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீடு ராஜினாமாவோடு முடிந்துவிடும். புது பாலிசிக்கும் ஒரு நல்ல கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒரு லட்சம் ஒதுக்க வேண்டும். மூன்றாவது, ஆறு மாதப் பள்ளத்துக்கான பணத்தைத் தொழில் பரிசோதனைக்குத் தொடவே கூடாது. பதிலுக்கு நீங்கள் எண்ண மறந்த ஒரு வரவும் உண்டு, நீண்ட சேவைக்காகக் கம்பெனி தருகிற கிராஜுவிட்டி. 32,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், அதாவது 15/26 வீதம், 9 ஆண்டுக்கு 1.66 லட்சம் வரும். எல்லாம் கூட்டிக் கழித்தால், இரண்டு மாதத்தில் வேலையை விடுகிறவருக்கு உண்மையில் கிடைக்கிற அவகாசம் ஏழு மாதம்.

இதையே பத்து மாதம் தள்ளிப் போடுங்கள். அப்போது சேவை 10 ஆண்டைத் தொடுகிறது, கிராஜுவிட்டி 1.85 லட்சம் ஆகிறது. சீட்டில் 18 தவணை முடிந்திருக்கும். கடைசி நேரம் என்பதால் தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கிற தொகை) அதிகம் போகாது, கமிஷனும் மிச்சமிருக்கிற இரண்டு தவணையும் போக சுமார் 1.7 லட்சம் தேறும். அதைவிட முக்கியம், மாதம் 10,000 என்ற சுமை இறங்கிவிடுகிறது, பள்ளம் 51,000 என்பது 41,000 ஆகிறது. மறுபடி அதே முறையில் கணக்குப் போட்டால் அவகாசம் பதினைந்து மாதம். இடையில் நீங்கள் சேமிப்பதையும் பகுதி நேரமாகச் சம்பாதிப்பதையும் நான் சேர்க்கவே இல்லை.

பத்து ஆண்டுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. உங்கள் பிஎஃப் பாஸ்புக்கில் இபிஎஸ் (பிஎஃப்போடு சேர்ந்த பென்ஷன் திட்டம்) வரவும் இருந்தால், 10 ஆண்டுச் சேவைக்குப் பின் 58 வயதில் பென்ஷன் உரிமை வருகிறது. பெரிய தொகை இல்லை. 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில் பத்து ஆண்டுக்கு மாதம் 2,143 ரூபாய். இதற்காக மட்டும் ஒருவரை வேலையில் இருங்கள் என்று சொல்ல மாட்டேன். எப்படியும் இருக்கப்போகிற பத்து மாதத்தில் அதுவும் சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான். பிஎஃப்பைத் தொடாதீர்கள். 2024-25க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்த கணக்கு அது. வேலையை விட்டாலும் அங்கேயே இருக்கட்டும், வட்டி ஏறும்.

இந்தப் பத்து மாதமும் சும்மா காத்திருக்கச் சொல்லவில்லை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மூன்று வாடிக்கையாளர்களைப் பிடியுங்கள். ஆனால் முதலில் உங்கள் நியமன ஆணையை எடுத்துப் படியுங்கள். வெளிவேலை கூடாது என்ற நிபந்தனை இருந்தால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பம்ப்புக்கும் பனியனுக்கும் போட்டி இல்லை, கொடுக்க வாய்ப்பு உண்டு. மனைவி பெயரில் பில் போட்டுக்கொள்ளலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். வேலை செய்தவர் நீங்கள் என்றால் வருமானமும் உங்களுடையதுதான். முதல் பில்லை மச்சினனுக்கே போடுங்கள். சொந்தக்காரர் பணம் கொடுத்து வாங்காத சேவையை ஊரார் வாங்குவார்களா என்பது அதில் தெரிந்துவிடும். (வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு வரும். வரட்டும்.)

எவ்வளவு வசூலானால் வேலையை விடலாம்? 68,000 என்று நினைக்காதீர்கள். உங்கள் பங்கு பிஎஃப் 3,840, கம்பெனி பங்கு 3,840, மாதத்துக்கு 1,540 வீதம் சேர்கிற கிராஜுவிட்டி, மருத்துவக் காப்பீட்டுக்கு 5,000 என்று கூட்டினால் 82,000 தாண்டுகிறது. திருப்பூர் போய்வரும் செலவு, மென்பொருள் சந்தா சேர்த்து 90,000 என்று வையுங்கள். 15,000 வீதம் ஆறு பேர். மூன்று பேர் தொடர்ந்து நான்கு மாதம், நீங்கள் போன் போட்டு ஞாபகப்படுத்தாமலே பணம் அனுப்பியிருந்தால் ராஜினாமா கடிதம் எழுதலாம். மற்ற மூவரைத் தேடத்தான் அந்தப் பதினைந்து மாதம்.

நான் வசூல் என்றுதான் சொல்கிறேன், பில் என்று சொல்லவில்லை. ஜவுளியில் கடன் நாள் பழக்கம் உங்களுக்குத் தெரியும். 60 நாள், 90 நாள் சாதாரணம். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் முன்பணம் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், அதைச் செய்து எண்ணைப் பில்லில் அச்சிடுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும் என்று வருமான வரியிலும் விதி வந்துவிட்டது. அவர்களுடைய ஆடிட்டரே உங்கள் பில்லை ஞாபகப்படுத்துவார்.

ஆறு பேரும் திருப்பூராகவே இருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது அந்த ஊரே ஒரே நேரத்தில் கையைப் பிசைந்தது. உள்நாட்டில் ஆன்லைனில் விற்பவர்களுக்கு அந்த வரி நேரடியாக இல்லை என்றாலும், ஊரில் பணப்புழக்கம் சுருங்கினால் முதலில் நிறுத்தப்படுவது ஆலோசகரின் பில். கரூரில் பெட்ஷீட், ஈரோட்டில் ஜமுக்காளம், கோவையிலேயே கிரைண்டர் என்று இரண்டு பேராவது வேறு சரக்கில் இருக்கட்டும்.

வரியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 90,000 வீதம் ஆண்டுக்கு 10.8 லட்சம், சேவைக்கான ஜிஎஸ்டி வரம்பான 20 லட்சத்துக்குள் அடங்கிவிடும். பழைய சட்டத்தில் 44ஏடிஏ என்று எல்லோரும் சொல்கிற உத்தேச வருமான முறையில், டெக்னிக்கல் கன்சல்டன்சி செய்பவர் வரவில் குறைந்தது பாதியை லாபமாகக் காட்டினால் போதும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண் மாறியிருக்கும், சலுகை தொடர்கிறது. பாதி என்றால் 5.4 லட்சம், புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் கட்ட வேண்டியது இல்லை. ஆனால் விற்பனையில் இத்தனை சதவீதம் என்று பேசாதீர்கள். அது கமிஷன் வருமானமாகப் பார்க்கப்பட்டால் இந்த முறை கைவிட்டுப் போகலாம். மாதாந்திரக் கட்டணமாகவே வாங்குங்கள், உங்கள் வேலை விவரத்தை ஒரு ஆடிட்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய வாடிக்கையாளர்கள் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கிற வருமான வரி) பிடிப்பார்கள். திரும்ப வரும் பணம்தான், ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்ட் வரும்வரை மாதம் 9,000 வரை கையில் இருக்காது.

வேலையில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை இரண்டு. வீட்டுக் கடன் வட்டியைக் குறைக்கச் சொல்லி வங்கியில் பேசுங்கள், தேவைப்பட்டால் வேறு வங்கிக்கு மாற்றுங்கள். சம்பளச் சீட்டு போய்விட்டால் இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு கேட்பார்கள். அடுத்து, குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பியுங்கள். அப்படி மாறினால் ஏற்கெனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்புக் காலத்தை மறுபடி முதலிலிருந்து எண்ண மாட்டார்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் இல்லை. ஊரில் இருக்கும் பெற்றோருக்குத் தனி ரேஷன் கார்டு இருந்து, ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் என்றால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வாங்கி வையுங்கள், 5 லட்சம் வரை உண்டு.

கடைசியாக, சீட்டு. தொழிலுக்கென்று இப்போதே தள்ளி எடுக்கத் தோன்றும். எடுத்தால் தள்ளும் அதிகம் போகும், மிச்சமுள்ள 12 தவணையும் கடனாகத் தலையில் நிற்கும். பதினெட்டாவது மாதம்வரை கை வைக்காதீர்கள். அது பதிவு பெற்ற சீட்டுத்தானா என்பதை மட்டும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.