பண்டிகையும் பார்த்தெழுதலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் கோவையில் வசிக்கிறோம். ஒன்பது வயது மகனையும் ஆறு வயது மகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கிறோம். ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசனின் முறையைப் பின்பற்றுவதால் பார்த்து எழுதும் பயிற்சி அன்றாடம் உண்டு. அமெரிக்க நன்றித் திருநாள், கிறிஸ்துமஸ் ஆகியவற்றுக்காக இணையத்தில் கிடைக்கும், வான்கோழிப் படமெல்லாம் போட்ட தாள்களை அச்செடுத்துக் கொடுத்து வந்தேன். நம் பண்டிகைகளுக்கு அப்படி எதுவும் அகப்படாததால், பொங்கலுக்கு நானே பத்து வாக்கியங்கள் எழுதி, பானையும் கரும்பும் வரைந்து, புள்ளிக்கோடுகளோடு ஒரு தாள் தயாரித்தேன். ‘பொங்கல் தமிழர் திருநாள். நாங்கள் புத்தாடை அணிவோம். கரும்பு இனிக்கும்’ என்று போகும். மகள் ஆர்வமாகப் புள்ளிகளை இணைக்கிறாள். மகனோ தாளைக் கண்டாலே எழுந்து ஓடுகிறான். பிழையான சொல்லை ஐந்து முறை எழுதச் சொல்லியும் பயனில்லை. பண்டிகைக் காலத்தில் எழுதத் தகுந்த பகுதிகளின் பட்டியல் ஒன்றைத் தர முடியுமா? நாளுக்கு எத்தனை வரி எழுதலாம்? தமிழா, ஆங்கிலமா? பார்த்து எழுதுவதே காலாவதியான பழக்கம் என்கிறாள் என் தோழி. அது உண்மையா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள வாசகிக்கு,

கல்வி முறைகளைப் பற்றிய கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. ஆனால் பிறர் எழுதியதை ஒருவர் தன் கையால் ஏன் மறுபடி எழுத வேண்டும் என்ற கேள்வி சில மாதங்களாக என்னைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

தோழி சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம். தமிழா ஆங்கிலமா என்பதும் பெரிய கேள்வி அல்ல; இரண்டையும் எழுதட்டும், ஒரே நாளில் வேண்டாம். வான்கோழியைப் பற்றியும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நன்றித் திருநாள் கொண்டாடும் வீட்டில் அது பொருத்தமான பறவையே.

ஆனால் பிழையான சொல்லை ஐந்து முறை எழுதச் சொல்கிறீர்களே, அதை அப்படி விட முடியாது. நம் பள்ளிகளில் அதற்கு இம்போசிஷன் என்று பெயர். வீட்டுப்பாடம் முடிக்காதவன், பக்கத்தில் இருப்பவனோடு பேசியவன், தாமதமாக வந்தவன் என்று எல்லோருக்கும் எழுத்தையே தண்டனையாகக் கொடுத்து, எழுதுவது என்றாலே கைவலி என்று பல தலைமுறைகளுக்குக் கற்பித்து முடித்தோம். ஒரு வாக்கியத்தை நூறு முறை எழுதச் சொன்னால் பையன்கள் என்ன செய்வார்கள் என்பது அந்தப் பள்ளிகளில் படித்த எவருக்கும் தெரியும். முதல் சொல்லைப் பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை வரிசையாக இறக்கிவிட்டு, பிறகு இரண்டாம் சொல்லை அதன் அருகே இறக்குவார்கள். நூறு முறை எழுதி முடித்த பிறகும் அந்த வாக்கியம் ஒருமுறைகூட அவர்கள் மனத்தில் வாக்கியமாக உருவாகியிருக்காது. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை மீட்டுக்கொண்டு வந்த நீங்கள், அங்கிருந்த பொருள்களிலேயே மிக மோசமான ஒன்றை மட்டும் கையோடு எடுத்துவந்தது ஏன்?

நீங்கள் பின்பற்றுவதாகச் சொல்லும் சார்லட் மேசனே (1842–1923) இதற்கு உடன்பட மாட்டார். 1886-இல் வெளிவந்த தம் நூலில் அவர் சொல்வது, குழந்தை ஏழெட்டு வயதில் பார்த்தெழுதத் தொடங்கினால் போதும் என்பதும், பாடம் பத்து நிமிடமோ கால் மணி நேரமோ தாண்டக் கூடாது என்பதும், சொல்லைக் கூர்ந்து பார்த்து, கண்ணை மூடி அதன் உருவத்தை மனத்தில் கண்டு, பிறகு எழுத வேண்டும் என்பதும்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பாட்டின் எந்தப் பகுதியை எழுதுவது என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கலாம் என்கிறார். அப்படிச் சேர்ந்த பகுதிகளால் அதற்கென்று சொந்தமாக ஒரு நூல் உருவாக வேண்டும் என்பது அவர் ஆசை. பானைப் படத்தின் கீழே அச்சிட்ட புள்ளிக்கோட்டுக்கு அவரைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமல்ல. நாளுக்கு எத்தனை வரி என்ற உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: கடிகாரத்தைப் பாருங்கள், வரியை எண்ணாதீர்கள். ஆறு வயது மகளை எழுத்துத் தாளிலிருந்து இப்போதைக்கு விடுவித்துவிடுங்கள். புள்ளிகளை இணைப்பதில்தான் விருப்பம் என்றால், மார்கழி முழுவதும் அவளுக்கு வாசலில் வேலை இருக்கிறது.

இனி உங்கள் பத்து வாக்கியங்களுக்கு வருகிறேன். கரும்பு இனிக்கும் என்பது உங்கள் மகனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்ததையே, அவனுக்குத் தெரியும் என்று அறிந்த தாய், அவனையே எழுதச் சொல்கிறார். எழுதிய தாளை யாரும் படிக்கப்போவதில்லை. மாலையில் அது பழைய தாள்களோடு சேர்ந்துவிடும். எவருக்கும் தேவைப்படாத ஒரு படியை எதற்காக எடுப்பது என்று ஒன்பது வயதுப் பையன் நினைத்தால் அவன் புத்திசாலி என்றுதான் சொல்வேன். ஓடுகிறான் என்று வருந்தாதீர்கள்.

என் பெரியம்மாவிடம் அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருந்தது. ஊஞ்சல், லாலி, நலங்கு, ஆரத்தி என்று அதில் முழுக்கப் பாட்டுகள். நவராத்திரியை ஒட்டிக் காலாண்டு விடுமுறை வரும்போது நான் அவர் வீட்டில் இருப்பேன். கொலு வைத்த வீடு எதிலாவது யாராவது புதிய பாட்டு ஒன்றைப் பாடிவிட்டால், மறுநாள் காலையில் அவர்களுடைய நோட்டை இரவல் வாங்கிவருவதும், மாலை விளக்கு வைப்பதற்குள் அதைப் படியெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதும் என் பொறுப்பு. பெரியம்மாவுக்குக் கண் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. நான் எழுதியதை அவர் படித்துச் சரிபார்க்க மாட்டார். என்னைப் படிக்கச் சொல்லி, கூடவே பாடிப் பார்ப்பார். ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால் தாளம் இடறும். உடனே கையை நிறுத்தி, “இங்க ஒரு எழுத்தைத் தின்னுட்டியேடா” என்பார். விட்ட எழுத்தை வரிக்கு மேலே சிறிதாக எழுதி, கீழே ஒரு கொக்கி போட்டால் காரியம் முடிந்தது. திரும்ப எழுது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று மாலையே அந்தப் பாட்டு வேறொரு வீட்டுக் கொலுவின் முன்னால் பாடப்பட்டது. நான் பிழை விட்டிருந்தால் நாலு பேர் முன்னிலையில் பெரியம்மா தடுமாறியிருப்பார் என்ற எண்ணம், எந்த ஆசிரியரின் சிவப்பு மையும் தராத கவனத்தை எனக்குத் தந்தது. ஒற்றெழுத்தை நான் கற்றுக்கொண்டது அந்த நோட்டில்தான்.

படியெடுத்தல் என்ற வேலையே இப்படிப் பிறந்ததுதான் என்பதை நாம் மறந்துவிட்டோம். பனை ஓலை நிரந்தரமானது அல்ல. பூச்சி அரிக்கும், ஈரம் தின்னும், ஓரம் ஒடியும். முந்தைய ஏடு மடிவதற்குள் யாராவது புதிய ஏட்டில் எழுத்தாணியால் எழுதிவைத்தால்தான் நூல் பிழைக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கமும் பெரும்பாலும் ஓலையில் கிடையாது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே பொருளும் யாப்பும் தெரியாமல் கண்ணால் மட்டும் பார்த்து எழுதியவன் தவறாகவே எழுதினான். படியெடுக்கும் கை நின்றுபோன வீடுகளில் என்ன நடந்தது என்பதை உ.வே.சாமிநாதையர் (1855–1942) வேதனையோடு பதிவு செய்திருக்கிறார்: ஆடிப் பதினெட்டாம் பெருக்கு அன்று பழைய சுவடிகளைச் சடங்காக ஆற்றில் விட்டிருக்கிறார்கள். 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அவர் அச்சில் கொண்டுவந்ததற்குப் பின்னால், பெயர் தெரியாத எத்தனையோ பேர் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து எழுதிய வேலை இருக்கிறது. அந்த வேலையைத்தான் நாம் புள்ளிக்கோடு போட்ட தாளாக்கிக் குழந்தைகளிடம் நீட்டுகிறோம்.

எனவே நீங்கள் கேட்ட பட்டியலை நான் தரப்போவதில்லை. பண்டிகை நாள்களில் ஒரு வீட்டுக்கு எழுத்து எங்கே தேவைப்படுகிறது என்று பாருங்கள். திருப்பாவை பாடும் வீடு என்றால், பெரிய எழுத்தில் வேண்டும் என்று கேட்கும் பாட்டி ஒருவர் இருப்பார். முப்பது நாளுக்கு முப்பது பாசுரம் என்று ஆண்டாளே கணக்கு வைத்துக் கொடுத்திருக்கிறார். உங்கள் மகன் லகர ளகர ழகரத்தில் தடுமாறுகிறவனாக இருந்தால் நான்காம் நாளின் ‘ஆழி மழைக்கண்ணா’ ஒன்றே போதும். அந்த எட்டு வரிகளில் பதினொரு ழகரம் வருகிறது. பன்னிரண்டாம் பாசுரத்தில் எருமையின் மடியிலிருந்து தானே வழிந்த பால் வீட்டையே சேறாக்குகிறது. கரும்பு இனிக்கும் என்ற வாக்கியத்தில் இல்லாதது என்ன என்று அவனுக்கு நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. பாசுரம் பாடாத வீடு என்றால் அங்கே வேறு தேவைகள் இருக்கும். கிறிஸ்துமஸ் இரவில் பாடுகிறவர்களுக்குப் பாட்டுத்தாள் வேண்டும். நோன்புக் கஞ்சிக்கு என்னென்ன எவ்வளவு என்ற குறிப்பை வெளியூரில் குடித்தனம் வைத்திருக்கும் சித்தி கேட்டுக்கொண்டே இருப்பாள். பொங்கல் வாழ்த்தை அஞ்சலில் அனுப்ப இன்றும் முடியும். நாலு வரியை நல்ல கையெழுத்தில் எழுதி, முகவரியையும் அவனே எழுதட்டும். முகவரியில் பிழை விட்டால் அஞ்சல் போய்ச் சேராது என்பதை அவனுக்குச் சொன்னால் போதும்.

எழுதி முடித்ததைச் சரிபார்க்கும் வேலையை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். யாருக்காக எழுதினானோ அவரே பார்த்துச் சொல்லட்டும். சிறிது பிழை இருந்தாலும் அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். உங்களைவிட நன்றாகவே பொறுத்துக்கொள்வார்கள்.