ஆரம்ப சுகாதார நிலையமா, சென்னைத் தனியார் மருத்துவமனையா?

எம்.பி.பி.எஸ். முடித்த உங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரசுப் பணி ஆணையும், சென்னைத் தனியார் மருத்துவமனையில் வேலையும் வந்திருக்கின்றன; எதை ஏற்பது என்று கேட்கிறீர்கள். அரசுப் பணி ஆணையையே ஏற்றுக்கொள்ளுங்கள். குழந்தை மருத்துவத்தில் எம்.டி. படிப்பதே குறிக்கோள் என்கிறீர்கள். தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டில் உள்ள, எம்.டி. போன்ற முதுநிலை இடங்களில் 50 விழுக்காடு அரசுப் பணி மருத்துவர்களுக்குத்தான்.

தனியார் தரும் இரு மடங்கு சம்பளம்தான் உங்களைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். அங்கே பெரும்பாலும் மூத்த மருத்துவர் சொல்வதை எழுதுவீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காய்ச்சலோடு வரும் குழந்தையை முதலில் பார்ப்பதும், மேல்சிகிச்சைக்கு அனுப்புவதா என்று முடிவெடுப்பதும் நீங்கள்தான். அந்தப் பயிற்சிக்கு ஈடே இல்லை.

பணியில் சேரும் முன் ஒரு நாள் அந்தச் சுகாதார நிலையத்தில் போய் உட்காருங்கள். இரண்டாவது மருத்துவர் உண்டா, இரவுப் பிரசவத்தை யார் பார்க்கிறார்கள் என்று செவிலியரிடம் கேளுங்கள்.

அரசுப் பணியில் குறைந்தபட்சப் பணிக்காலம் முடிந்தால்தான் அந்த 50 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் கேட்க முடியும். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் என் பதில் உங்களுக்குப் பொருந்தாது.