ஸ்போர்ட்ஸ் காரில் ஹேண்ட்ஸ்ஃப்ரீ கிட்: வயரை வெட்டாமல் பொருத்துவது எப்படி?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன: ப்ளூடூத் வராத காலத்து ஸ்போர்ட்ஸ் கார், வெளியில் வாங்கிய ஹேண்ட்ஸ்ஃப்ரீ கிட், இரண்டையும் எப்படிச் சேர்ப்பது. நேராகக் கேள்விகளுக்கே போய்விடலாம்.

கேள்வி: 2001 மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறேன். பெட்டி பிரிக்காத பேரட் சிகே3100 கிட் ஒன்று கிடைத்தது. அதன் சிவப்பு, ஆரஞ்சு வயர்கள் இரண்டுமே 12 வோல்ட் என்கிறார்கள். ரேடியோவுக்குப் பின்னால் வரும் ஒரே மெயின் வயரில் இரண்டையும் சேர்த்துவிடலாமா? (குரோய்டன், லண்டன்)

பதில்: சேர்க்கக் கூடாது. சிவப்பு பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் மெயின். ஆரஞ்சு சாவி போட்டால் மட்டும் வரவேண்டிய இக்னிஷன். கறுப்பு எர்த். இரண்டையும் மெயினில் கொடுத்தால் கிட் தூங்கவே தூங்காது. உங்கள் காரின் பேட்டரி டிக்கியில் இருக்கும் சின்னப் பேட்டரி. வார இறுதியில் மட்டும் எடுக்கும் கார் என்றால் இரண்டு மூன்று வாரத்தில் ஸ்டார்ட் ஆகாது. இரண்டையும் இக்னிஷனில் கொடுத்தாலும் தொல்லைதான், பதிந்து வைத்த ஃபோனைக் கிட் மறந்துபோகலாம். பொருத்தி முடித்ததும் காரைப் பூட்டி, அரை மணி நேரம் விட்டு, மல்டிமீட்டரில் கசிவு மின்சாரத்தைப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி.

இன்னொன்று. மாஸ்டா ரேடியோவின் கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் செருகி) பல கம்பெனிகளுக்கும் பொதுவான ஐஎஸ்ஓ கப்ளர் கிடையாது. கிட்டோடு வரும் ஹார்னஸ், அதாவது கப்ளரோடு கூடிய வயர்க் கட்டு, நேராகப் பொருந்தாது. மாஸ்டாவுக்கென்று இடைக் கப்ளர் தனியாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். பொருந்தவில்லையே என்று வெட்ட ஆரம்பித்துவிடாதீர்கள். போஸ் ஸ்பீக்கர் உள்ள கார் என்றால் கடையில் அதையும் சொல்லிக் கேளுங்கள். அதில் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் தனியாக இருக்கும், சாதாரண ஹார்னஸ் எடுபடாது.

கேள்வி: மேற்கூரை திறக்கும் கார். மைக்கை எங்கே வைப்பது? சன்வைசரில் வைத்தேன், எதிர்முனையில் இருப்பவருக்குக் காற்றுச் சத்தம்தான் கேட்கிறதாம். (பெங்களூரு)

பதில்: கூரை மூடிய காருக்குச் சன்வைசர் நல்ல இடம். கூரை திறக்கும் காரில் அதுதான் மோசமான இடம். கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டும் காற்று அங்கேதான் சுழலும். ஸ்டியரிங் காலம் மூடியின் மேல், மீட்டருக்கு முன்னால், உங்கள் வாயைப் பார்த்தபடி வையுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் நடுவே சுமார் அரை மீட்டர் இருக்கலாம். ஏசி காற்று நேராக அடிக்கும் இடம் வேண்டாம். பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டாலே பாதிச் சத்தம் குறையும். கூரையைத் திறந்துகொண்டு 80, 90-இல் போகும்போது எந்த மைக்கும் உதவாது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: என் காரில் ப்ளூடூத் கிட் வேலை செய்யவில்லை. என்ன காரணம்? (ஊர் எழுதவில்லை)

பதில்: என்ன கார், எந்த வருடம், உள்ளே இருப்பது எந்த ரேடியோ, எந்தக் கிட், யார் பொருத்தியது? இந்த ஐந்தில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. எழுதிவிட்டுத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 2005 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், கம்பெனி ரேடியோவோடு. கிட் பொருத்தக் கொண்டுபோனால், "ஒரிஜினல் கப்ளரை வெட்டி, வயரைச் சீவி, முறுக்கி டேப் அடித்துவிடலாம், அரை மணி நேர வேலை. இடைக் கப்ளருக்குத் தனியாகக் காசு எதற்கு?" என்கிறார் கடைக்காரர். சரியா? (கோயம்புத்தூர்)

பதில்: சரியே இல்லை. எனக்கு வரும் பழுதுகளில் பெரும்பகுதி இந்த அரை மணி நேர வேலையில் பிறந்தவைதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முறுக்கி டேப் அடித்த ஜாயிண்ட் அன்றைக்கு நன்றாகத்தான் வேலை செய்யும். கடைக்காரர் காசு வாங்கும்போது ரேடியோ பாடும், ஃபோன் பேசும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு கை வைக்க முடியாதபடி கொதிக்கும். டேப்பின் பசை இளகி வழியும். டேப் மெல்ல வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். அதன்பின் மழைக்கால ஈரம். செம்பு கறுத்துப் பச்சை பூக்கும். வேகத்தடையில் ஏறும்போது ரேடியோ ஒரு நொடி அணைந்து வரும். அழைப்பு நடுவில் அறுந்துபோகும். உடனே கிட் சரியில்லை என்று புதுக் கிட் வாங்குவார்கள், அப்புறம் ஃபோனை மாற்றுவார்கள். பழுது அதே இடத்தில் இருக்கும்.

அண்மையில் வந்த ஒரு காரில் ரேடியோவை வெளியே இழுத்தேன். பின்னால் ஏழெட்டு ஜாயிண்டுகள், எல்லாம் ஒரே நீளத்தில் வரிசையாக வெட்டி முறுக்கியவை. பசை உருகிக் கையில் ஒட்டியது. இரண்டு ஜாயிண்டுகளில் டேப்பே இல்லை. மெயினும் ஸ்பீக்கர் வயரும் வெறும் செம்பாக ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. ஃப்யூஸ் இருக்க வேண்டிய ஹோல்டரில் ஃப்யூஸுக்குப் பதில் ஒரு துண்டு வயர். ஹார்னஸ் எரியாமல் இருந்தது அந்தக் குடும்பத்தின் நல்ல நேரம். ஒரிஜினல் கப்ளரை எங்கே என்று கேட்டால் குப்பையில் போட்டுவிட்டார்களாம். கப்ளர் இல்லாவிட்டால் எந்த வயர் எந்தப் பின்னுக்குப் போனது என்பதே தெரியாது. ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துத் தேடவேண்டியிருந்தது. அதில் போன கூலிக்கு இரண்டு இடைக் கப்ளர் வாங்கியிருக்கலாம்.

உங்கள் காருக்கென்று தனியாக ஓர் ஆபத்தும் உண்டு. அந்தக் காலத்து ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் ரேடியோவின் மின் கப்ளரிலேயே டயக்னாஸ்டிக் கே-லைனும் ஒரு பின்னில் வரும். அது மின்சாரம் கொடுக்கும் வயர் அல்ல, ஸ்கேனர் பேசும் வயர். நிறத்தை வைத்துக் குத்துமதிப்பாக இணைத்தால் அப்புறம் ஸ்கேனர் போட்டாலும் இன்ஜின் கண்ட்ரோல் யூனிட் பதில் சொல்லாது. பல கார்களில் கம்ப்யூட்டர் போய்விட்டது என்று தப்பாகச் சொல்லப்படுவது இதனால்தான். மெயினும் இக்னிஷனும்கூட ஐஎஸ்ஓ வழக்கத்துக்கு மாறாக வரலாம். வழக்கப்படி மெயின் நான்காம் பின், இக்னிஷன் ஏழாம் பின், எர்த் எட்டாம் பின். இந்தக் கார்களில் நான்கும் ஏழும் இடம் மாறியிருக்கும், அல்லது இக்னிஷனே வராது. மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் செருகாதீர்கள்.

சரியான வழி: ரேடியோவுக்கும் ஒரிஜினல் கப்ளருக்கும் நடுவே செருகும் ஹார்னஸ். இந்தப் பக்கம் ஆண், அந்தப் பக்கம் பெண், நடுவில் கிட். நாளைக்குக் கழற்றினால் கார் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கவேண்டும். எனக்கு இதைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. இக்னிஷன் தனியாக எடுக்க வேண்டியிருந்தால் ஃப்யூஸ் பெட்டியில் செருகும் ஃப்யூஸ் டாப் போதும். வயரை எங்கிருந்து எடுக்கிறீர்களோ அங்கிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்கவேண்டும். கிட் பக்கத்தில் ஃப்யூஸ் வைத்தால் கிட்டைத்தான் காக்கும், நடுவில் ஓடும் வயரைக் காக்காது. ஜாயிண்ட் போட்டே தீரவேண்டும் என்றால் வயரை அழுத்திப் பிடிக்கும் நல்ல கிரிம்ப், அல்லது ஈயம் வைத்து மேலே சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். ஜாயிண்டுகளை ஒரே இடத்தில் குவிக்காமல் முன்பின்னாகப் போடுங்கள். வயரைக் கடித்துப் பிடிக்கும் நீலநிற கிளிப் வேண்டவே வேண்டாம். அது உள்ளே இழைகளை அறுத்துவிடும், வெளியே தெரியாது.

கடைக்காரர் ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு கடை பாருங்கள்.

கேள்வி: 2004 போர்ஷே பாக்ஸ்டர், கம்பெனி சிடிஆர்-23 ரேடியோ. அழைப்பு வந்தால் ரேடியோவை ஊமையாக்கிப் பேச்சை ஸ்பீக்கருக்கு அனுப்பும் சாதாரண மியூட் ஹார்னஸ் போட்டுக் கிட் வைக்கலாமா? (டொராண்டோ)

பதில்: கார் மாடலையும் ரேடியோ பெயரையும் எழுதியதற்கு நன்றி. பாக்ஸ்டரில் 2003 மாடலிலிருந்து மோஸ்ட் எனும் ஒளிநார் வளையம் வந்துவிட்டது. ரேடியோ, ஆம்ப், சிடி சேஞ்சர் எல்லாம் அந்த வளையத்தில் வரிசையாகக் கோத்திருக்கும். ஓர் இடத்தில் அறுந்தால் மொத்த ஆடியோவும் ஊமை. போஸ் ஆம்ப் உள்ள கார் என்றால் சத்தம் ஒளிநாரிலேயே ஆம்புக்குப் போகிறது, அங்கே செம்பு ஹார்னஸுக்கு வேலை இல்லை. மோஸ்ட் வளையத்துக்கென்றே செய்த கருவியை வாங்குங்கள், இல்லாவிட்டால் தன் ஸ்பீக்கரோடு வரும் தனிக் கிட் போதும். ஆம்ப் இல்லாத கார் என்றால் ரேடியோவிலிருந்து ஸ்பீக்கருக்குச் செம்பு வயர்தான் போகும், அதற்குரிய செருகு ஹார்னஸ் கிடைத்தால் வைக்கலாம். ரேடியோவை இழுக்கும்போது ஒளிநாரை மடக்கிவிடாதீர்கள். 25 மில்லிமீட்டர் ஆரத்தைவிட இறுக்கமாக வளைந்தால் ஒளி கசியும்.

பேட்டரியை இறக்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் காரில் பேட்டரி முன்பக்க டிக்கிக்குள், அந்த டிக்கி திறப்பதோ மின்சாரத்தில். பேட்டரி செத்தால் ஃப்யூஸ் பெட்டியில் உள்ள அவசர முனையை வெளியே இழுத்து, அதில் வேறு பேட்டரியின் பாசிட்டிவைக் கொடுத்துத்தான் திறக்கமுடியும். முதல் கேள்வியில் சொன்ன சிவப்பு, ஆரஞ்சு விவகாரம் உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

கேள்வி: சான் ஸ்டார்ம் வைத்திருக்கிறேன். கிட் பொருத்தியதிலிருந்து இன்ஜின் வேகத்துக்கேற்ப ஸ்பீக்கரில் "ஙீ" என்று ஒரு சத்தம். ஃபில்டர் போடச் சொல்கிறார்கள். (கோவா)

பதில்: நம் நாட்டில் செய்த இரண்டு சீட்டு திறந்த காரை இன்னும் ஓட்டுகிறீர்கள் என்பதே மகிழ்ச்சி. ஃபில்டர் வாங்குமுன் எர்த்தைப் பாருங்கள். ரெனோ இன்ஜின் வைத்த அந்தக் காரின் பாடி ஃபைபர். ஃபைபரில் எந்த ஸ்க்ரூவை இறுக்கினாலும் எர்த் கிடைக்காது. பொருத்தியவர் பக்கத்தில் இருந்த ஏதோ ஓர் இரும்புப் பிராக்கெட்டில் கறுப்பு வயரைக் கட்டியிருப்பார். கிட்டின் எர்த்தையும் ரேடியோவின் எர்த்தையும் ஒரே முனையில் சேர்த்து, அங்கிருந்து தடித்த வயரை நேராகச் சேசிஸ் எர்த்துக்கோ பேட்டரி நெகட்டிவுக்கோ கொண்டுபோங்கள். இரைச்சல் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். போகாவிட்டால் மட்டும் ஃபில்டர்.

லோட்டஸ் எலீஸ் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். அங்கேயும் பாடி ஃபைபர்தான், சேசிஸ் பசையால் ஒட்டிய அலுமினியம். கிட் பெட்டியை மாட்டுவதற்காக அந்தச் சேசிஸில் துளை போடுவது மன்னிக்க முடியாத வேலை. நல்ல இரட்டைப் பக்க டேப் போதும்.

கேள்வி: மைக் வயரைப் பில்லர் டிரிம்முக்குள் (முன்கண்ணாடி ஓரத் தூணின் மூடிக்குள்) விடலாமா?

பதில்: அந்த டிரிம்மில் எஸ்ஆர்எஸ் அல்லது ஏர்பேக் என்று எழுதியிருந்தால் உள்ளே திரை ஏர்பேக் இருக்கிறது. வயர் அதற்கு முன்னால் ஒருபோதும் குறுக்கே போகக்கூடாது. பின்னால், ஒரிஜினல் வயர்கள் போகும் பாதையிலேயே கட்டவேண்டும். ஏர்பேக்குக்கு உரிய மஞ்சள் கப்ளர் எது கண்ணில் பட்டாலும் கை வைக்காதீர்கள், டெஸ்ட் லேம்ப் அதன் பக்கமே போகக்கூடாது. வேலையைத் தொடங்குமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். தெரியாதவர் இந்த இடத்தில் வேலை செய்யவேண்டாம், மைக்கை ஸ்டியரிங் காலத்தில் வையுங்கள்.

கேள்வி: கிட்டில் பேச முடிகிறது, பாட்டு வரவில்லை. ஃபோன்புக்கும் வரவில்லை. (திருச்சி)

பதில்: பழைய கிட்கள் பல பேசுவதற்கு மட்டும் செய்தவை. பாட்டுக்கான வசதி அதில் இல்லாவிட்டால் எந்த செட்டிங்கிலும் வராது. ஃபோன்புக்குக்கு உங்கள் ஃபோனின் ப்ளூடூத் பட்டியலில் கிட்டின் பெயரைத் தொட்டு, காண்டாக்டுகளைப் பகிர அனுமதி கொடுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் இரண்டு பக்கமும் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள்.

கேள்வி: ஹேண்ட்ஸ்ஃப்ரீ இருந்தால் போலீஸ் பிடிக்காதுதானே?

பதில்: இந்தியாவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் பிடித்துப் பயன்படுத்தும் ஃபோனைத்தான் ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம், சிறையும் உண்டு. பிரிட்டனில் கையில் பிடித்தால் 200 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் பாயிண்ட். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு அந்த 6 பாயிண்டிலேயே லைசென்ஸ் போய்விடும். கிட் இருந்தாலும் கவனம் சிதறி ஓட்டினால் இரண்டு நாட்டிலும் வழக்கு வரும். உங்கள் காரின் வேகத்துக்கு ஒரு நொடிக் கவனப் பிசகே அதிகம். "ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

கேள்வி: கிட்டுக்குப் பதில் ப்ளூடூத் உள்ள புது ஸ்டீரியோவே போட்டால் என்ன? கார் 1999 எம்எக்ஸ்-5. (ஹாரோ, லண்டன்)

பதில்: ஒரிஜினல் ரேடியோ மேல் ஆசை இல்லையென்றால் அதுதான் நல்லது. உங்கள் டேஷ்போர்டில் இரட்டை உயரமுள்ள டபுள் டின் செட்டே உட்காரும். மைக் தனியாக வரும் செட்டாகப் பாருங்கள். செட்டின் முகப்பிலேயே இருக்கும் மைக் கூரை திறந்த காருக்கு ஆகாது. இங்கும் இடைக் கப்ளர்தான், வெட்டு கிடையாது. கழற்றிய ரேடியோவைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், விற்கும்போது வாங்குபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

கேள்வி: வயர் குறைவாக இருக்கிறது. ஸ்பீக்கர் நெகட்டிவ்கள் எல்லாவற்றையும் எர்த்தில் சேர்த்துவிடலாமா?

பதில்: கூடாது. கார் ரேடியோவில் ஸ்பீக்கர் நெகட்டிவ் எர்த் அல்ல, அதிலும் சிக்னல் வருகிறது. சேர்த்தால் ரேடியோவுக்குள் இருக்கும் ஆம்ப் ஐசி (சிப்) போய்விடும். எட்டு வயரையும் தனித்தனியாகவே கொண்டுபோங்கள்.