பாதிப் பேர் புகழ்ச்சி, பாதிப் பேர் வசை

கேள்வி: 'கிளவுட் அட்லஸ்' (2012) படத்துக்கு அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தார். 'டைம்' பத்திரிகையோ அந்த ஆண்டின் மோசமான படங்களில் அதை முதலிடத்தில் வைத்தது. யாரை நம்ப?

பதில்: இருவரையும் நம்பலாம். 19-ஆம் நூற்றாண்டுக் கடல் பயணத்திலிருந்து நாகரிகம் அழிந்த எதிர்காலம் வரை ஆறு கதைகள், 172 நிமிடங்கள். ஒன்றில் மனம் ஊன்றுவதற்குள் படம் அடுத்ததற்குத் தாவிவிடும். துணிச்சலுக்கு மார்க் போடுபவருக்கு அது விருந்து. கதாபாத்திரத்தோடு ஒட்ட நினைப்பவருக்கு எரிச்சல். வெள்ளைக்கார நடிகர்களைக் கொரியர்களாக்கிய ஒப்பனை கண்டனத்துக்கே உள்ளானது, அதில் நியாயமும் உண்டு.

கேள்வி: அப்படியென்றால் விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதத்தைப் பார்த்து டிக்கெட் எடுக்கலாமா?

பதில்: பெரிய கனவோடு எடுத்த ஃபேன்டசிக்கு அது சரிப்படாது. அந்தச் சதவீதம் மார்க் அல்ல, 'பார்க்கலாம்' என்றவர்களின் விகிதம். 100 விமர்சகர்களும் பத்துக்கு 6 போட்டு, அத்தனையும் 'பார்க்கலாம்' கணக்கில் சேர்ந்தால் படம் 100% வாங்கிவிடும். 60 பேர் முழு மார்க்கும் 40 பேர் வெறும் 2-ம் போட்டால் கிடைப்பது 60% தான். ஆனால் சராசரி எடுங்கள்: முதல் படம் 6, இரண்டாவது 6.8! மெட்டாகிரிட்டிக் என்ற இன்னொரு தளம் சராசரிதான் எடுக்கிறது, சில விமர்சகர்களுக்குக் கூடுதல் எடை கொடுத்து. அங்கே எண்ணுக்குக் கீழே பாராட்டு, கலவை, எதிர்ப்பு எத்தனை என்று பிரித்தும் போட்டிருப்பார்கள். இரண்டு முனையிலும் கூட்டம் இருந்தால் பாராட்டியவர் ஒருவர், திட்டியவர் ஒருவர் என இரண்டு விமர்சனம் படியுங்கள். திட்டியவர் குறிப்பிடும் காட்சியே உங்களை இழுத்தால் தியேட்டருக்குப் போய்விடுங்கள்.