1936 கார்ட் 810 என்ற அமெரிக்கக் கார் அழகுக்காக மட்டும்தான் பேசப்படுகிறதா? பொறியியலில் அது தோல்விதானே?

கேள்வி கேட்டவர் 'உலகின் அழகான பத்து கார்கள்' மாதிரி ஏதோ ஒரு வீடியோ பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அதில் கடைசியில் "ஆனால் கியர்பாக்ஸ் சொதப்பல்" என்று ஒரு வரி கட்டாயம் வந்திருக்கும். என் பிழைப்பே கியர்பாக்ஸ் சோதனை. பதில் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் கார்ட் பக்தன் கிடையாது. ஓட்டுவது சாதாரண ஜப்பான் வண்டி. "டூசன்பெர்க்கைப் பற்றி ஏன் எழுதவில்லை, பேக்கார்ட் என்ன பாவம் செய்தது" என்று கமென்டில் வரப்போகிறவர்களே, அவையும் அந்தக் காலத்து அமெரிக்கச் சொகுசுக் கார்கள்தான், ஆனால் கேள்வி கார்டைப் பற்றியது.

சொதப்பல் நடந்தது உண்மைதான். ஓடும்போது கியர் நிற்காமல் வெளியே வந்துவிடும். இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். இரண்டையும் மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு "பொறியியலில் ஒன்றுமில்லை" என்பது அநியாயம்.

அந்த வண்டியின் அழகே பொறியியலிலிருந்து வந்ததுதான். முன்சக்கரம் இழுக்கிற வண்டி அது. பின்சக்கரத்தைச் சுழற்ற வண்டிக்கு அடியில் பின்னால் போகிற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற தண்டு இல்லாததால் தரையைத் தாழ்த்த முடிந்தது. தரை தாழ்ந்ததால் ஏறுவதற்கு ஃபுட்போர்டு தேவைப்படவில்லை. 1935-ல் மற்ற வண்டிகள் பெரும்பாலும் ஃபுட்போர்டோடு நிமிர்ந்து நின்றபோது இது ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் படுத்துக்கிடந்தது. வடிவமைத்தவர் கோர்டன் பியூரிக். அவருடைய கை சாதாரணக் கை இல்லை, சரி. ஆனால் பின்சக்கர வண்டியின் சேஸியை (அடிச்சட்டத்தை) கொடுத்திருந்தால் அவராலும் இதை இவ்வளவு சுலபமாக வரைந்திருக்க முடியாது.

அதே கம்பெனியின் 1929 மாடலான எல்-29-உம் முன்சக்கர வண்டிதான். அதில் எட்டு சிலிண்டரும் ஒரே வரிசை, நீளமான இன்ஜின். எடை பின்னால் தள்ளிப்போய், வழுக்கலான மேட்டில் முன்சக்கரத்துக்குப் பிடிப்பு கிடைக்காது. 810-ல் எட்டு சிலிண்டரும் இரண்டு வரிசையில் வி வடிவில் நிற்கிற, குட்டையான லைக்கமிங் வி8 போட்டார்கள், 125 குதிரைத்திறன். மூக்கில் கியர்பாக்ஸ், அதற்குப் பின்னால் டிஃபரன்ஷியல் (சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது), அதற்கும் பின்னால் இன்ஜின். எடை முன்னால் வந்துவிட்டது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். கியர்பாக்ஸ் வண்டியின் மூக்கில், டிரைவர் இன்ஜினுக்கு இந்தப் பக்கம். இரண்டையும் கம்பி போட்டு இணைப்பது பெரிய தலைவலி. அதனால் பென்டிக்ஸ் கம்பெனியின் 'எலக்ட்ரிக் ஹேண்ட்' அமைப்பை எடுத்துக்கொண்டார்கள். ஸ்டியரிங் கம்பத்தில் விரலளவு லீவர், அது நகர்வதற்கு ஒரு குட்டி கேட் (கியர் வரிசை போல வெட்டிய பள்ளம்). அடுத்த கியரை அதில் முன்கூட்டியே காட்டி வைக்கலாம், அப்போது எதுவும் நடக்காது. கிளட்சை மிதித்தால்தான் மின்சாரம் வால்வைத் திறக்கும், இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம் கியரை மாற்றிவிடும். நாலு கியர். 1935-ல்!

கியர் ஏன் வெளியே வரும் என்பது என் தினசரி வேலை. பல்லோடு பல் முழு ஆழத்துக்கு உட்கார வேண்டும். முக்கால்வாசி உட்கார்ந்தால், ஓட்டிப் பார்க்கிற பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. லோடு ஏறி இறங்கும்போது நுனி தேய்ந்து, ஒருநாள் தானே நழுவும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஓட்டி ஓட்டித் தேய்ப்பது. அதற்கு நாள் வேண்டும்.

கார்டுக்கு நாள் கொடுக்கவில்லை. 1935 நவம்பர் நியூயார்க் கார் கண்காட்சியில் காட்ட வேண்டுமானால் குறைந்தது 100 வண்டி தயாரித்திருக்க வேண்டும் என்று விதி. அவசர அவசரமாகக் கையால் கோத்தார்கள். கண்காட்சிக்குப் போன வண்டிகளில் கியர்பாக்ஸே இல்லை. பார்த்தவர்கள் மயங்கி ஆர்டர் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வண்டி வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்து, அதுவும் முடியாமல், காத்திருந்தவர்களுக்குச் சலவைக்கல் பீடத்தில் வைத்த ஒரு குட்டி வெண்கலக் கார் பொம்மை அனுப்பினார்கள். நிஜ வண்டிகள் கைக்கு வந்தது 1936-ல். கோளாறெல்லாம் காசு கொடுத்து வாங்கியவர் கையில்தான் வெளிப்பட்டது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) இதே கூத்து. கண்காட்சிக்கு, உள்பாகம் தெரியும்படி வெட்டிய கியர்பாக்ஸ் மாதிரி ஒன்று வைத்தோம், உள்ளே பாதி பாகம் பிளாஸ்டிக், மேலே பெயின்ட். சேல்ஸ் ஆட்கள் அதை வைத்தே தேதி கொடுத்துவிட்டு வந்தார்கள். ஓட்டி ஓட்டித் தேய்த்துப் பார்க்கிற சகிப்புச் சோதனை பாதியில் இருக்கிறது, மூன்றாவது கியர் பல்லில் ஓரம் மின்னுகிறது, இது சரியில்லை என்று படம் எடுத்து அனுப்பினேன். "குறித்துக்கொண்டோம்" என்று பதில் வந்தது. வண்டிகள் திரும்பி வர ஆரம்பித்ததும் முதல் கேள்வி, "டெஸ்டிங்கில் ஏன் பிடிக்கவில்லை?" அந்த மெயிலை இன்னும் வைத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் வைத்திருக்கிறேன்.

"கம்பெனி என்றால் தேதி இருக்கத்தான் செய்யும்" என்பீர்கள். இருக்கட்டும். தேதி வைத்தவர் பெயர் எங்கேயும் வராது, கியர்பாக்ஸ் பெயர்தான் வீடியோவில் வரும்.

இந்தியானா மாநிலத்தில் ஆபர்ன் என்று ஒரு சின்ன ஊர். கார்ட் செய்த கம்பெனியின் பழைய ஷோரூம்தான் இப்போது மியூசியம். ஒவ்வொரு வருடமும் அமெரிக்கத் தொழிலாளர் தின வார இறுதியில் திருவிழா நடக்கும், இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் வண்டியோடு வருவார்கள். போன தடவை ஒரு பெரியவர் தன் 812-ல் (810-க்கு அடுத்த வருட மாடல்) என்னை உட்காரவிட்டார். டேஷ்போர்டின் இரண்டு ஓரத்திலும் ஒரு கைப்பிடி. இடது பக்கத்தைச் சுற்றினேன், மட்கார்டுக்குள்ளிருந்து அந்தப் பக்க ஹெட்லைட் மெல்லப் புரண்டு வெளியே வந்தது. வலது விளக்குக்கு அந்த ஓரத்துக் கைப்பிடியைத் தனியாகச் சுற்ற வேண்டும். அந்த விளக்கு கார்ட் குழுமத்திலேயே இருந்த ஸ்டின்சன் விமானத்தின் இறங்கு விளக்கிலிருந்து வந்தது. கியர் நழுவுமா என்று கேட்டேன். "சரியாகச் செட் பண்ணினால் நழுவாது" என்றார். ஒருவர் சொன்னதை வைத்து முடிவு கட்டக்கூடாதுதான், ஆனால் அவர் அதை ஓட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்.

    

1937-ல் 812 வந்தபோது பல கோளாறுகளைச் சரிசெய்திருந்தார்கள், வேண்டுமென்றவர்களுக்குச் சூப்பர்சார்ஜரும் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) போட்டார்கள். அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. இரண்டு வருடத்தில் மொத்தம் 3,000 வண்டி அளவில்தான், அதோடு கதை முடிந்தது. பிறகு வேறு கம்பெனிகள் அந்த உடலின் அச்சுகளை வைத்து ஹப் ஸ்கைலார்க், கிரஹாம் ஹாலிவுட் என்று இரண்டு வண்டி செய்தன. அவை பின்சக்கர வண்டிகள், வழக்கமான கியர்பாக்ஸ். மூக்கை மட்டும் மாற்றிய அதே அழகு. ஆர்டர் வாங்கிவிட்டு வண்டி கொடுக்க அங்கேயும் தாமதம், காத்திருந்தவர்கள் ரத்து செய்துவிட்டுப் போனார்கள். இரண்டுமே ஓடவில்லை. அதற்கும் கார்ட் கியர்பாக்ஸ்தான் காரணமா என்று அந்த வீடியோக்காரரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.