குளத்து நீச்சலும் குளோரின் தண்ணீரும்

அன்புள்ள அக்கா,

பாறசாலையில் இருக்கிறேன், வயது 43. பன்னிரண்டு வயது வரை ஊர்க் குளத்தில் அக்கரைக்கும் இக்கரைக்குமாக நீந்தியவள். வயசுக்கு வந்ததும் அம்மா நிறுத்திவிட்டாள். இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு நீச்சல் கிளப்பில் சேர ஆசைப்பட்டுப் போனேன். கோச் ஒரு தடவை நீந்திக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "முதலிலிருந்து படிக்கணும்" என்றார். அப்படியானால் எனக்குத் தெரிந்தது நீச்சலே இல்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

கோச் சொன்னது பாதி சரி. நாம் குளத்தில் படித்தது முங்கிப்போகாமல் இருக்க. உரிக்காத இரண்டு தேங்காயை நாரால் பிணைத்து, நடுவில் வயிற்றை வைத்துப் படுக்கச் சொல்லி, மாமா என்னைக் குழித்துறை ஆற்றில் தள்ளிவிட்டார். எதிரே எருமை வருகிறதா, பாம்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும், அதனால் தலை எப்போதும் மேலேயே இருக்கும்.

கிளப்பில் அந்தத் தலைதான் வினை. தலை தூக்கினால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். தொங்குகிற காலையும் சேர்த்துக் கையே இழுக்க வேண்டும். 46 வயதில் நான் சேர்ந்த முதல் நாள், 25 மீட்டர் குளத்தில் பாதி தூரத்திலேயே லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து லேன் பொடியன் ஒருத்தன், "ஆன்ட்டி, குழப்பமில்லல்லோ?" (ஒன்றும் ஆகலையே?) என்று மலையாளத்தில் கேட்டுவிட்டுப் போனான். அன்றைக்குக் குளோரினைவிட அதுதான் கண்ணில் எரிந்தது.

அப்புறம் இரண்டு வாரம் நீந்தவே இல்லை. சுவரைப் பிடித்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, குமிழி விட்டேன். அவ்வளவுதான். நமக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் காற்று போதாமல் அல்ல. அடக்கி வைத்த கரியமில வாயு உள்ளே ஏறுவதால். நீருக்குள்ளேயே மூச்சை விட்டுத் தீர்த்தால், முகத்தைத் திருப்பும்போது இழுக்க மட்டும்தான் வேலை. இது பிடிபட்ட நாளில் நான்கு நீளம் நிற்காமல் போனேன்.

கோச் சொல்லாத மீதிப் பாதியும் உண்டு. உங்களுக்குத் தண்ணீர்ப் பயம் இல்லை. பெரியவர்கள் பாட்சில் சிலர் சுவரை விடவே மாதக்கணக்காகும்.

அப்படியானால் குளத்துக்கே திரும்பலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 2024-இல் உங்கள் பக்கத்து நெய்யாற்றின்கரையில் குளத்தில் குளித்தவர்களுக்கு மூளையைத் தாக்கும் அமீபா தொற்று வந்ததே, அதற்குப் பிறகு தேங்கின தண்ணீரில் முகம் வைக்க எனக்கு மனசு வரவில்லை. கிருமி ஏறுவது மூக்கு வழியாக. கிளப்பிலும் குளோரின் அளவை யார், எப்போது பார்க்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

உடை பற்றிய தயக்கம் கடிதத்தில் இல்லை, ஆனாலும் இருக்கும். முட்டி வரை வருகிற நைலான் உடை கிடைக்கிறது. பருத்திச் சுடிதார் வேண்டாம், நனைந்தால் ஆளையே இழுக்கும்.

தனியாகப் போனால் மூன்றாவது மழையில் நின்றுவிடுவீர்கள். கிளப்பில் ஒரே லேனில் நாலைந்து பேர் சுற்றிச் சுற்றி வருவோம். ஐம்பது மீட்டர், இருபது விநாடி ஓய்வு, மறுபடி ஐம்பது. ஒரு நாள் போகாவிட்டால் போன் வரும்.

பெரியவர்களுக்கென்றே நடக்கும் மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டிகளில் 25 வயதிலிருந்து ஐந்தைந்து வருஷமாகப் பிரிப்பார்கள். உங்களுக்கு இப்போது 40–44. இரண்டு வருஷம் போனால் அடுத்த பிரிவில் நீங்கள்தான் இளையவர். எங்கள் லேன் சேச்சி ஒருத்தி 65 எப்போது வரும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அக்கா