முதலில் பைப், அப்புறம் கேபிள்: இரண்டாவது டிவி பற்றிய கேள்வி-பதில்

ஹாலில் உள்ள செட் டாப் பாக்ஸிலிருந்து படுக்கையறை டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிள் இழுத்தேன். படம் வரவில்லை. என்ன செய்யலாம்? – வாசகர், சேலம்

கேபிள் எத்தனை மீட்டர்? டிவி 4கேயா, எச்டியா? படம் அறவே வரவில்லையா, விட்டு விட்டு வருகிறதா? ஒன்றையும் எழுதாமல் தீர்வு மட்டும் கேட்டால் எப்படி? பாக்ஸைப் படுக்கையறைக்குத் தூக்கிப் போய், ஒன்றரை மீட்டர் கேபிளில் அந்த டிவியோடு நேராக மாட்டிப் பாருங்கள். சேனல் வராவிட்டாலும் பாக்ஸின் மெனு தெரியும், அது போதும். தெரிந்தால் குறை நீளக் கேபிளில். தெரியாவிட்டால் பாக்ஸிலோ டிவி போர்ட்டிலோ. இதைப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

15 மீட்டர் கேபிள். 1080பியில் நன்றாக ஓடுகிறது, 4கேயில் திரை அடிக்கடி கருத்துப் போகிறது. கேபிள் கெட்டுவிட்டதா? – வாசகர், கோவை

கெடவில்லை. செம்புக் கேபிளால் முடிகிற தூரத்தைத் தாண்டிவிட்டீர்கள். 1080பிக்கு, அதாவது முழு எச்டிக்கு, விநாடிக்கு 5 கிகாபிட் தகவல்கூடத் தேவைப்படாது, 60 பிரேம் 4கேக்கு 18 கிகாபிட் வரை வேண்டும். சாதாரணச் செம்பில் முதலாவது 10, 15 மீட்டர் போகும். இரண்டாவது 5 மீட்டரைத் தாண்டினாலே சந்தேகம்தான். முனையில் தங்க முலாம் பூசியிருப்பதால் தூரம் கூடாது. பாக்ஸில் வருவது எச்டி சேனல்கள்தான் என்றால் 1080பியிலேயே விட்டுவிடுங்கள். 4கே வேண்டும் என்றால் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் (படத்தைக் கண்ணாடி இழை, அதாவது ஃபைபர் வழியே ஒளியாக அனுப்புவது) வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு: 'சோர்ஸ்' முனை பாக்ஸுக்கு, 'டிஸ்ப்ளே' முனை டிவிக்கு. மாற்றி மாட்டினால் படம் வராது. பைப்புக்குள் இழுக்கும் முன் தரையில் பரப்பி ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

ஒரு எச்டிஎம்ஐயை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் வைத்தால் இரண்டு அறையிலும் வெவ்வேறு சேனல் பார்க்கலாமா? – வாசகர், ஈரோடு

முடியாது. ஒரே படம்தான் இரண்டு டிவியிலும் வரும். வேறு சேனல் வேண்டும் என்றால் இன்னொரு பாக்ஸ் வாங்க வேண்டும்.

புது வீட்டில் பூச்சு வேலை நடக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளை அப்படியே சுவரில் வைத்துப் பூசிவிடலாம், பைப் செலவு மிச்சம் என்கிறார் எலக்ட்ரீஷியன். சரியா? – வாசகர், திருச்சி

கூடவே கூடாது. வேலையை இன்றே நிறுத்துங்கள். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி ஓயவில்லை, எழுதுகிறவர்களில் பலர் பூசி முடித்த பிறகுதான் எழுதுகிறார்கள்.

2009இல் வந்த எச்டிஎம்ஐயின் 1.4 பதிப்பு விநாடிக்கு ஏறக்குறைய 10 கிகாபிட் தாங்கியது. 2013இல் வந்த 2.0 அதை 18 ஆக்கியது, 2017இல் வந்த 2.1 அதை 48 ஆக்கியது. எட்டே ஆண்டுகளில் ஐந்து மடங்கு. வீடு 50 வருடம் நிற்க வேண்டியது. இன்று வாங்கும் எந்தக் கேபிளும் அதில் கால்வாசிக் காலத்துக்குக்கூடப் போதாது. அது போக, பூச்சுக்குள் ஈரம் இறங்கும், நாளைக்குக் காலண்டர் மாட்ட அடிக்கும் ஆணி கேபிளில் இறங்கும். அப்போது சுவரை உடைப்பதற்குச் செலவழிப்பது நீங்கள்தான், எலக்ட்ரீஷியன் அல்ல.

பைப் போடுங்கள். முக்கால் இன்ச் போதாது. எச்டிஎம்ஐ முனையின் பிளாஸ்டிக் பகுதியே சுமார் 20 மில்லிமீட்டர் அகலம், அது உள்ளே நுழையவே நுழையாது. ஒரு இன்ச் குறைந்தபட்சம், ஒன்றேகால் இன்ச் நல்லது. வளைவுகளில் எல்போ போடாமல் நீளமான பெண்ட் போடச் சொல்லுங்கள். இரண்டு வளைவுக்கு மேல் இருந்தால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வேண்டும். உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வையுங்கள், கேபிள் மாற்றும்போது இழுக்க உதவும். எச்டிஎம்ஐயோடு ஒரு கேட்6 (இன்டர்நெட் கேபிள்), ஒரு ஆர்ஜி6 கோஆக்ஸ் (டிஷ் ஆன்டெனா கேபிள்) இரண்டையும் சேர்த்தே இழுத்துவிடுங்கள்.

230 வோல்ட் ஒயர் போகும் பைப்பில் எச்டிஎம்ஐயை விடவே கூடாது. ஒயரின் மேலுறை எங்காவது உரிந்தால் மின்சாரம் நேராக டிவியின் உலோகப் பகுதிக்கு வரும், அங்கே கை வைப்பது குழந்தையாகவும் இருக்கலாம். தனி பைப், ஓர் அடி தள்ளி. குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

இன்டர்நெட்டுக்குப் போட்ட கேட்6 கேபிளிலேயே எச்டிஎம்ஐயும் அனுப்பலாமா? – வாசகர், மதுரை

எக்ஸ்டெண்டர் (கேபிளின் இரு முனையிலும் மாட்டும் ஜோடிப் பெட்டி) வைத்து அனுப்பலாம், ஆனால் அந்தக் கேபிளை அதற்கென்றே ஒதுக்க வேண்டும். விலை குறைந்த வகைகள் 1080பியை 30 மீட்டர் வரை கொண்டு போகும். எச்டிபேஸ்டி (HDBaseT) என்ற வகை 1080பியை 100 மீட்டரும் 4கேயை 70 மீட்டரும் கொண்டு போகும். இந்த வகைக்கு நடுவில் நெட்வொர்க் சுவிட்ச் இருக்கக் கூடாது. கேபிளின் ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், நீளத் தூரத்துக்கு ஆகாது.

யூடியூப், ஓடிடி மட்டும்தான் பார்ப்போம். எந்தக் கேபிள் வாங்கலாம்? – வாசகர், வேலூர்

எதுவும் வேண்டாம். டிவி ஸ்மார்ட் டிவியாக இருந்து, அறையில் வைஃபை வந்தால் போதும்.

மாடி வீட்டுக்குத் தனி இ.பி. மீட்டர். கீழிருந்து மேலே எச்டிஎம்ஐ இழுத்தோம். மாட்டும்போது சுருக்கென்று அடித்தது, டிவி போர்ட் போய்விட்டது. – வாசகர், நாகர்கோவில்

இரண்டு பின் பிளக் கொண்ட பெட்டிகளின் உலோகப் பகுதியில் 100 வோல்ட்டை ஒட்டி ஒரு மிதக்கும் அழுத்தம் இருக்கலாம். கரண்ட் மிகக் குறைவு, ஆனாலும் போர்ட்டைக் கெடுக்க அது போதும். இரண்டு மீட்டர், இரண்டு எர்த் என்றால் ஆபத்து இன்னும் கூடும். அடுத்த முறை இரண்டு பெட்டியின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள், இரண்டு வீட்டு எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அவற்றில் பலவற்றுக்குள் செம்புக் கம்பியும் ஓடுகிறது. முழுக்க ஃபைபரில் போகும் எக்ஸ்டெண்டர்தான் இரண்டு வீட்டு மின்சாரத்தையும் பிரித்து வைக்கும். மொட்டை மாடி வழியாகக் கேபிள் போகிறது என்றால், இடிக்குப் பயந்தாவது ஃபைபருக்கு மாறுங்கள். அங்கேயும் தனி பைப்தான், மின் ஒயரோடு சேர்க்காதீர்கள்.

படுக்கையறையில் இருந்தபடி ஹால் பாக்ஸில் சேனல் மாற்ற வழி உண்டா? – வாசகர், தஞ்சாவூர்

உண்டு. ஐஆர் (ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிர்) வசதி உள்ள எக்ஸ்டெண்டர் வாங்குங்கள். ரிமோட் கதிரை வாங்கும் அதன் கண்ணை டிவி அருகிலும், அதைத் திரும்ப அனுப்பும் எமிட்டரைப் பாக்ஸின் சென்சார் மேலும் ஒட்டுங்கள். ரிமோட் ப்ளூடூத் வகை என்றால் இது வேலை செய்யாது. வாங்கும் முன் பாருங்கள்.